மரம் வச்சவன்

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான் அக்கா. மனசைத் தேத்திக்குங்க."

எதிர்வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் இப்படிச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவருடைய மகனுக்குப் பால் தெளித்த மறுநாள் அது. கூடத்தில் பாய் விரித்து நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். மூலையில் விளக்கு, ஒரு செம்புத் தண்ணீர், பையனின் படம். எங்கேயோ எடுத்த கூட்டுப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். தோளில் வேறு யாருடைய கையோ பாதி தெரிந்தது. அக்கா அதுவரை அழுதுகொண்டிருந்தார். நான் சொன்னதும் அழுகையை நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"அப்போ வெட்டுறது யாரு?"

யாரும் பேசவில்லை. நான் அவர் கையை விட்டேனா, பிடித்தபடியே இருந்தேனா என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ தேநீர் கொண்டு வந்தார்கள், பேச்சு வேறு பக்கம் போனது. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருபதடி ரோடுதான். அன்றைக்கு அதைத் தாண்டி வரக் கால் கூசியது.

கடவுள் நம்பிக்கை எனக்குக் குறைந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். எல்லாவற்றுக்கும் ஆண்டவன் ஒரு கணக்கு வைத்திருக்கிறான் என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை இத்தனை நாள் தூங்க விடவில்லை. நம்பாதவளாக இருந்திருந்தால் சுலபமாகக் கடந்து போயிருப்பேன்.

கல்லில் தீட்டும் சத்தம்

அந்தப் பழமொழியை நான் எங்கும் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா பால் வெட்டும் வேலை. ராத்திரி எங்களுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, மறுநாள் பசியாறலுக்கு மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, கடைசியாகப் பின்வாசல் படியில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டுவார். பால் வெட்டும் கத்திக்கு முனை மடங்கியிருக்கும். வீட்டுக் கத்தி போல இழுத்துத் தீட்ட முடியாது. சின்னக் கல்லைத் தண்ணீரில் நனைத்து, அந்த மடிப்புக்குள் விட்டு, முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். சர்ர், சர்ர் என்று ஒரே சீராக வரும் சத்தம். நடுவில் நிறுத்திக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் தேய்க்கணும். நகத்தில் பிடித்தால் போதும். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அவர் வாயும் முணுமுணுக்கும். "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான். ஆத்தா பார்த்துக்குவா." நான் உள்ளே பாயில் படுத்தபடி அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போவேன்.

ஆத்தா பார்த்துக்கொள்ள வேண்டியது முக்கியமாக மழையை. ரப்பர் பால் பட்டைக்குள் ஓடும் மெல்லிய குழாய்களில் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் அந்தக் குழாய்களில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். பட்டை நனைந்திருந்தாலோ, பால் வெட்டுக்கோட்டில் நிற்காது. மரத்தின் மேலெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் மழை என்றால் வேலை இல்லை, அன்றைய கூலியும் இல்லை. இன்னும் கொடுமை, வெட்டி முடித்து மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருக்கும்போது வருகிற மழை. உழைப்பும் போய்ப் பாலும் போகும். பிப்ரவரி, மார்ச்சில் இலை சிவந்து கொட்டும் காலத்தில் பாலே சுருங்கிவிடும். வருஷத்தில் எந்த நாளைக்கும் உத்தரவாதம் கிடையாது.

நாலரை மணிக்கு அம்மா கதவைத் திறந்து, உள்ளங்கையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பார். இருட்டில் வானம் தெரியாது, கைதான் கண். துளி விழாவிட்டால் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார். விழுந்தால் கதவைச் சாத்திவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். படுக்க மாட்டார். ஆறு மணிக்குள் நின்றுவிடுமோ, பட்டை காய்ந்து வேலைக்குக் கூப்பிடுவார்களோ என்று காத்திருப்பார். ஒன்றை மட்டும் நான் சின்ன வயதிலேயே கவனித்திருந்தேன். ஓட்டுக்கூரை உடைந்துவிடும் போல மழை கொட்டுகிற ராத்திரியிலும் அவர் கத்தி தீட்டாமல் படுத்ததில்லை. ஒரு தடவை கேட்டேன். "இந்த மழையில நாளைக்கு எங்கம்மா வேலை?" "நாளைக்கு மழை அவ பொறுப்பு, கத்தி என் பொறுப்பு" என்றார். தலையைத் திருப்பாமல், தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

யார் வைத்த மரம்

பக்கத்துக் கோலாகங்சாரில், மாவட்ட அலுவலகத்துக்கு அருகே ஒரு பழைய ரப்பர் மரம் வேலி போட்டு நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போய்க் காட்டினார்கள். 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குப் போன சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை கொஞ்சம்தான். அவற்றில் 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. அங்கிருந்து கோலாகங்சாருக்கு வந்து நடப்பட்ட சிலவற்றில் மிஞ்சியது இந்த மரம். ஆரம்பத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பித் தோட்டக்காரர்கள் ரப்பரைச் சீண்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் காற்றடைத்த டயர் வந்தது, மோட்டார் கார் பெருகியது, காடெல்லாம் ரப்பரானது. அந்த ரப்பருக்கு ஆள் வேண்டும் என்று கங்காணி சேலம் பக்கத்துக்குப் போய்க் கூப்பிட்டதில் என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறினார்.

பதினேழு பதினெட்டு வயதில் இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கேயோ ஒரு காட்டில் விழுந்த விதைக்கும் நான் பிறந்ததற்கும் முடிச்சு இருக்கிறதே, இது ஆண்டவன் போட்ட திட்டம் இல்லாமல் வேறென்ன என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். அதே கப்பலில் வந்து, வந்த வருஷமே மலேரியாக் காய்ச்சலில் விழுந்து தோட்டத்து ஓரம் புதைக்கப்பட்டவர்களைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. அவர்களுக்குக் கொள்ளுப்பேத்திகள் இல்லை. அந்த விதையைப் பற்றி அவர்கள் பக்கத்திலிருந்து சிலிர்த்துச் சொல்ல ஆளே இல்லை. பிழைத்தவர்களின் வாரிசு நான் என்பதால் எனக்கு அது அழகான கதையாகப் பட்டிருக்கிறது.

எண்ணெய் எடுக்கும் செம்பனையிலும் இப்படி ஒன்று நடந்தது. பெரியம்மா வேறு தோட்டத்தில் செம்பனைக்கு மகரந்தம் தூவும் வேலை பார்த்தார். மகரந்தத்தை முகப்பவுடர் மாவோடு கலந்து, ஒவ்வொரு பெண்பூவாகத் தேடிப் போய் ஊத வேண்டும். 1981-ல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். ஆப்பிரிக்கக் காட்டில் செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது அந்த வண்டுதானாம். மனிதர்கள் செய்ததைவிட அது நன்றாகச் செய்தது, காய்ப்பு கூடியது. பெரியம்மாவுக்கு அந்த வேலை போனது. வண்டு வந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டால், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் மரம் வைத்தது துரை. வெட்டச் சொன்னதும் துரைதான். துரை போடும் திட்டத்தை ஆண்டவன் போட்ட திட்டம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அது எனக்கு இன்றுவரை வலிக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்து நிலம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, "ஆண்டவன் விட்ட வழி, நாம என்ன செய்ய முடியும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

என் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் ஆட்டியிருக்க மாட்டார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரர்கள் பெரிய தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தலைமுறையாக இருந்தவர்கள் ஒரே நாளில் வீடில்லாதவர்கள் ஆனார்கள். அப்போது எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நேரில் போய்ப் பேசினார். மாதம் பத்து வெள்ளி (எங்கள் ஊர்ப் பணத்தை அப்படித்தான் சொல்வோம்) கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்றார். பங்கின் விலை நூறு வெள்ளி. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, சம்பள நாளன்று ஆத்தாளுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, முந்தானையில் முடிந்த பத்து வெள்ளியைக் கொண்டுபோய்க் கட்டுவாராம். அப்போது பதின்மூன்று வயதான அம்மாவும் கூடப் போவாராம். மறுவருஷமே அந்தச் சங்கம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பாட்டி அந்தத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கும்பிட்டதும் அவர்தான், பணம் கட்டியதும் அவர்தான். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விடவில்லை.

வெள்ளைத் துணி

2021 ஜூன் கடைசி. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு திரும்பவும் வந்திருந்தது. வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறை மூடிக் கிடந்தது. நான் பாலர் பள்ளியில் வேலை பார்ப்பவள், அதுவும் மூடல். சேமிப்பு என்று இருந்தது முந்தின வருஷமே கரைந்துவிட்டது. அரிசி டின்னின் அடியில் கை வைத்தால் தகரம் தட்டியது. அந்தச் சமயத்தில்தான், உதவி தேவைப்பட்டால் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு வெள்ளைத் தலையணை உறையை கேட்டில் கட்டிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் மோட்டார் சத்தம். எதிர்வீட்டுப் பையன்! அப்போது அவனுக்கு இருபது வயது, சாப்பாடு டெலிவரி வேலை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பத்து கிலோ அரிசி, ஒரு தட்டு முட்டை, நாலு சாடின் டின், மைலோ பாக்கெட் எல்லாவற்றையும் கேட்டுக்கு உள்ளே வைத்தான். "அம்மா குடுக்கச் சொன்னுச்சு ஆண்ட்டி" என்றான். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவன் போகத் திரும்பியவன், நின்று, தலையணை உறையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். நான் இறுக்கிக் கட்டியிருந்தேன் போல. கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, நகத்தால் நோண்டி அவிழ்த்தான். அதை நான்காக மடித்து என் கையில் கொடுத்தான். "இது வேணாம் ஆண்ட்டி. இனிமே எங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க."

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்து அம்மாவிடம் சொன்னேன். "பார்த்தியாம்மா, மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு நீ சொல்லுவியே." அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். எனக்கோ அது சத்தியம் பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆண்டவன் அந்தப் பையனின் கையால் எனக்கு அரிசி அனுப்பினான். அவன் திட்டத்தில் நான் இருக்கிறேன். அடுத்த இரண்டு வருஷமும் என்ன கஷ்டம் வந்தாலும் அந்த நாலாக மடித்த துணியை நினைத்துக்கொள்வேன்.

2023-ல் ஒரு ராத்திரி, கடைசி டெலிவரி முடித்துத் திரும்பும்போது பெரிய ரோட்டில் லாரி மோதி அந்தப் பையன் போய்விட்டான். இருபத்திரண்டு வயது. நான் போய் அவன் அம்மாவிடம், அவன் மூலமாக எனக்குக் கிடைத்த அதே வார்த்தையைச் சொன்னேன்.

அப்புறம் மாதக்கணக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். விதி, போன ஜென்மத்துக் கணக்கு என்று சொல்வோர் சொன்னதெல்லாம் கேட்டேன். ஒரு விழாவில் பேச வந்தவர், ரப்பர் மரத்தையே உதாரணம் காட்டினார். வெட்டினால்தான் மரம் பால் தரும், அதுபோல ஆண்டவனும் நம்மை வெட்டித்தான் பக்குவப்படுத்துகிறான் என்றார். கூட்டம் கை தட்டியது. எனக்கும் சட்டென்று பிடித்துப்போனது. நம் ஊரில் பால் எடுப்பதையும் வெட்டு என்கிறோம், மரத்தைச் சாய்ப்பதையும் வெட்டு என்கிறோம். ஆகா, அக்காவுக்கு இதுதான் பதில் என்று மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கேட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டு வாசலில் அந்தப் பையனின் ஹெல்மெட் ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். அவர் அதை எடுக்கவில்லை, யாரையும் எடுக்க விடவும் இல்லை. ஒற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் எந்தப் பாலைக் காட்டப் போகிறேன்? அந்தப் பேச்சாளர் தோட்டத்தில் ஒரு நாள்கூட வெட்டியிருக்க மாட்டார். வெட்டு ஆழமாகிக் கத்தி கட்டையில் பட்டுவிட்டால், அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். மறுபடி அதில் சீராக வெட்ட முடியாது. அதற்காகத்தான் கங்காணி திட்டுவார். எல்லாக் காயமும் பால் தராது என்பது பால் வெட்டியவர்களுக்குத் தெரியும்.

முதுகுப் பக்கம்

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் வலி. ஒரு சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, மனதை அழுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். அக்கா கேட்டதைச் சொன்னேன்.

அம்மா கீரையைக் கீழே வைக்கவில்லை. "எங்க தோட்டத்துல ரப்பரைச் சாய்ச்சாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா மஞ்சள்காமாலையில் போன மறு வருஷம் அது. செம்பனை போடுவதற்காக மரங்களை ரம்பம் போட்டு அறுத்தார்கள். அம்மா பதினைந்து வருஷம் வெட்டிய நிரை. ஒவ்வொரு மரத்தையும் இருட்டில் தடவியே அடையாளம் சொல்வார். ஒரு மரம் விழும்போது லயம் வரைக்கும் அதிரும்.

"அன்னைக்கு நானும் அதைத்தான் கேட்டேன். யாரு வெட்டுறதுன்னு. துரை சொன்னான், ஆளுங்க வெட்டுனாங்க. அது தெரிஞ்சதுதானே. அதுக்கு ஆத்தா மேல பழி போடக்கூடாதுன்னு தோணுச்சு. அடுத்த வாரம் நர்சரிக்கு அனுப்புனாங்க. செம்பனைக் கன்னு, கறுப்புப் பையில ஆயிரக்கணக்குல நிக்கும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி ஊத்தணும். ஒரு வருஷம் ஊத்துனேன்."

"சரிம்மா. அப்பா போனது? அதை எந்தத் துரை சொன்னான்?"

கீரை ஆயும் விரல் நின்றது. ரொம்ப நேரம் கழித்து, "அது எனக்குத் தெரியல" என்றார். "தெரியலன்னு ஆத்தாகிட்டயே சொல்லிட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீ வச்சுக்க, எனக்கு இந்தப் புள்ளைங்களைப் பார்க்கணும்னு சொல்லிட்டேன்."

நான் விடவில்லை. "அப்போ மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு தினமும் சொன்னியே?"

"சொன்னேன். யாருகிட்ட சொன்னேன்?"

எனக்குப் புரியவில்லை.

"உங்கப்பா செத்த வருஷம், அரிசி இல்லாம மரவள்ளியை அவிச்சுக் குடுத்தேனே, பசிக்குதுன்னு நீங்க அழுதப்போ, மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு ஒரு தடவையாவது உங்ககிட்ட சொல்லியிருக்கேனா? யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, பல நாள் யோசித்தேன். அம்மா அந்த வார்த்தையை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஞாபகம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. பசி என்றபோது பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கஞ்சி காய்ச்சினார். காய்ச்சல் என்றபோது ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டார். அப்போதெல்லாம் ஆத்தாளைப் பற்றி எங்களிடம் பேச்சே இருக்காது. நான் கேட்டதெல்லாம் பின்வாசல் படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லோடும் கத்தியோடும் அவர் பேசியது. தனக்கு விடிய வேண்டும் என்பதற்காகத் தனக்கே சொல்லிக்கொண்ட வார்த்தை. நான் ஒட்டுக்கேட்டதை எடுத்துக்கொண்டு போய், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நீட்டியிருக்கிறேன்.

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி கையில் செக்ரோல் புத்தகம் இருக்கும். யாருக்கு எத்தனை நாள், எவ்வளவு பிடித்தம் என்று எல்லாம் அதில்தான். வேலை செய்தவர்கள் யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. ஆண்டவன் கணக்கையும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். கணக்கு இருக்கிறது என்று நம்புகிறேன். கிராணியைப் போல் தப்பாக எழுதுகிறவன் இல்லை அவன் என்றும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பக்கத்தை நான் படித்துப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி அக்காவிடம் பேசினேன். நல்ல கணக்குத்தான், மனசைத் தேத்திக்குங்க என்றேன். அதற்கு எனக்கு என்ன உரிமை? என் வீட்டுக்கு அரிசி வந்த நாளைப் பற்றி நான் சாட்சி சொல்லலாம். அவர் வீட்டுப் பிள்ளை வராத ராத்திரியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் காட்டப்படவில்லை.

பிறகு ஒரு நாள் ரோட்டைத் தாண்டினேன். கதவைத் தட்டியபோதுதான் அந்தப் பையன் சொன்னது ஞாபகம் வந்து கை நடுங்கியது. அக்கா திறந்தார். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றேன். எதைச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"உள்ள வா. தண்ணி கலக்கட்டா?"

அடுப்படியில் கரண்டி டம்ளரில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கலக்கினார். அன்றைக்கு அவர் மகனைப் பற்றிப் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தலையணை உறைக் கதையைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியவே தெரியாது. அரிசி கொடுத்தது மட்டும்தான் அவர் சொல்லி அனுப்பியது. முடிச்சை எப்படி அவிழ்த்தான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பல்லில் கையுறையைக் கடித்துக்கொண்டா? எந்தக் கையில் அவிழ்த்தான்? எனக்கு ஞாபகம் இருந்த மட்டும் சொன்னேன்.

இந்த ஆடியில் கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமை, "வர்றீங்களாக்கா" என்று சும்மா கேட்டேன். வந்தார். தோட்டத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து ஊர் ஓரத்தில் குடியேற்றிய அதே ஆத்தாதான், சின்னக் கோயில். அக்கா உள்ளே வரவில்லை. வாசலில் வேப்பமரத்தடிச் சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "நீ போய்ட்டு வா, செருப்பை நான் பார்த்துக்குறேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. உள்ளே போய் நின்றபோது அவருக்காக என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா மாதிரி, தெரியவில்லை என்பதையே சொன்னேன்.

வெளியே வரும்போது தூறல் போட ஆரம்பித்திருந்தது. கையில் இருந்த திருநீற்றை நீட்டவா வேண்டாமா என்று தயங்கினேன். அக்கா பார்த்துவிட்டார்.

"திருநீறு வேணாம்" என்றார். பிறகு, மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, "கூழ் ஊத்துறாங்களா? எனக்கு ஒரு மங்கு வாங்கிட்டு வா" என்றார்.

இரண்டு மங்கு வாங்கி வந்தேன், சின்ன வெங்காயம் தனியாக. சூடாக இருந்தது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தோம்.